தொழில்சார் மறுவாழ்வு படிக்க நினைப்பவர்களுக்கு: வடசென்னையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

பிரஸ் மெஷினில் விரல் போனவருக்கு ஆஸ்பத்திரி காயத்தை ஆற்றித் தரும். இ.எஸ்.ஐ. பணம் தரும். ஆறு மாதம் கழித்து அவர் என்ன வேலைக்குப் போவது என்பதை யார் பார்ப்பது? அதைப் பார்க்கிறவர்தான் தொழில்சார் மறுவாழ்வுப் பணியாளர்.

மணலி, எண்ணூர், திருவொற்றியூர் தொழிற்சாலைகள், துறைமுகம், காசிமேடு, சந்துக்குச் சந்து பட்டறைகள் என்று உடல் உழைப்பை நம்பியே ஓடுகிற பகுதி வடசென்னை. வேலையில் அடிபட்டவர்கள் ஒரு பக்கம். காது கேளாத இளைஞர்கள், மூளை முடக்குவாதத்தோடு பள்ளி முடித்த பிள்ளைகள், கீழ்ப்பாக்கத்தில் மனநல சிகிச்சை முடித்து வீடு திரும்பியவர்கள் இன்னொரு பக்கம். வேலை தேவைப்படும் ஆட்களுக்கு இங்கே பஞ்சமில்லை; அவர்களை வேலையில் உட்காரவைக்கப் படித்தவர்களுக்குத்தான் பஞ்சம்.

இந்தப் படிப்பில் சேருகிற பலர், குறைபாடுகளைப் பற்றிப் படிக்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அது பாதிதான். மீதிப் பாதி வேலையைப் பற்றியது: ஒரு வேலைக்குள் எத்தனை சின்ன வேலைகள் இருக்கின்றன, எதை மாற்றலாம், எதைப் பிரிக்கலாம், முதலாளி எதற்குச் சம்பளம் தருகிறார் என்பதெல்லாம். இந்த இரண்டாம் பாதியைப் படிக்க வடசென்னையைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

படி 1: எந்த வாசல் வழியாக நுழைவது

இந்தத் துறையை ஒழுங்குபடுத்துவது இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், எல்லோரும் ஆர்.சி.ஐ. என்றுதான் சொல்வார்கள். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. மறுவாழ்வுத் தொழில்முறையாளர்களை 16 வகையாக அது பிரித்து வைத்திருக்கிறது. நம் விஷயத்துக்கு நெருக்கமானவை: தொழில் ஆலோசகர், வேலைவாய்ப்பு அலுவலர், மறுவாழ்வு ஆலோசகர், மறுவாழ்வு சமூகப் பணியாளர், சமுதாயம் சார்ந்த மறுவாழ்வுப் பணியாளர், மறுவாழ்வுப் பட்டறை மேலாளர். சிறப்பு ஆசிரியர், பேச்சு மற்றும் செவித்திறன் நிபுணர், செயற்கை உறுப்பு வடிவமைப்பவர் எல்லோரும் அதே பட்டியலில்தான் வருகிறார்கள். பிசியோதெரபியும் ஆக்குபேஷனல் தெரபியும் வேறு குடை. அவை 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் கீழ் வருகின்றன. சேர்க்கைக் கவுன்சலிங்கில் இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

பிளஸ் டூ முடித்தவர்களுக்கு நேரடியாகப் பொருந்துவது தொழில்சார் மறுவாழ்வு டிப்ளமோ, ஒரு வருடம். முக்கியமாக அறிவுசார் குறைபாடு உள்ளவர்களைத் தொழிலுக்குத் தயார் செய்வதற்கான படிப்பு இது. சிறப்புக் கல்வி டிப்ளமோ இரண்டு வருடம். இந்திய சைகை மொழிபெயர்ப்பாளர் டிப்ளமோவும் இருக்கிறது. பட்டம் முடித்தவர்களுக்கு சிறப்புக் கல்வி பி.எட்.; சைதாப்பேட்டையில் இருக்கும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் அதை நடத்துகிறது. மறுவாழ்வு அறிவியலையே பட்டப்படிப்பாகப் படிக்க வேண்டுமென்றால் திருச்சி ஹோலி கிராஸ் கல்லூரி வரை போகவேண்டும்.

வீட்டுச் சூழல் இடம் கொடுக்காமல், பக்கத்தில் இருக்கும் பாரதி மகளிர் கல்லூரியிலோ வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியிலோ தியாகராயா கல்லூரியிலோ ஏதோ ஒரு பட்டம் படித்துக்கொண்டிருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். பட்டம் முடித்துவிட்டு எழும்பூர் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் போன்ற இடத்தில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) படித்தும் இந்தத் துறைக்குள் வரலாம். ஆர்.சி.ஐ. பதிவுக்கு எம்.எஸ்.டபிள்யூ. மட்டும் போதாது என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

என் யோசனை கேட்டால்: பிளஸ் டூ முடித்து உடனே சம்பாதிக்க வேண்டிய நிலை இருப்பவர் டிப்ளமோவில் சேர்ந்து, வேலை செய்துகொண்டே தொலைநிலையில் பட்டம் முடிப்பது நல்லது. இந்தத் துறையில் தொடக்கச் சம்பளம் குறைவு. அதைத் தெரிந்துகொண்டே வாருங்கள்.

படி 2: பணம் கட்டும் முன்

"அரசு அங்கீகாரம் பெற்றது" என்ற போர்டு எதற்கும் உத்தரவாதம் இல்லை. ஆர்.சி.ஐ. இணையதளத்தில் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. அதில் நிறுவனத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரப்போகும் அதே கோர்ஸ், நீங்கள் சேரும் அதே கல்வியாண்டுக்கு அனுமதி பெற்றிருக்கிறதா, எத்தனை இடங்கள் என்று வரிக்கு வரி பாருங்கள். அங்கீகாரம் நிறுவனத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை. கோர்ஸுக்கும் காலத்துக்கும்தான் கிடைக்கிறது.

இவ்வளவு கறார் எதற்கு என்றால், படித்து முடித்ததும் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். பதிவு இல்லாமல் மறுவாழ்வுத் தொழில்முறையாளராகப் பணி செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது. அபராதத் தொகையைப் பார்த்தால் சிரிப்பு வரும், சரி. ஆனால் பதிவு எண் இல்லாத விண்ணப்பத்தை எந்த நல்ல நிறுவனமும் திரும்பிப் பார்க்காது.

செய்முறை எங்கே நடக்கும் என்று கட்டாயம் கேளுங்கள். "நம்ம கேம்பஸ்லயே" என்ற பதில் வந்தால் ஒரு அடி பின்வாங்குங்கள். மெழுகுவத்தியும் காகிதப் பையும் செய்கிற அறையை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வருகிறவருக்கு வேலை உலகம் தெரியாது.

சென்னைப் பக்கம் மூன்று இடங்களை நேரில் பார்த்துவிடுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கும் தேசிய பல்வகைக் குறைபாடுடையோர் நிறுவனம். 2005இல் தொடங்கியது, பல ஆர்.சி.ஐ. படிப்புகள் அங்கேயே நடக்கின்றன. அடுத்து, கிண்டியில் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் மையம்; பழைய ஆட்கள் வி.ஆர்.சி. என்பார்கள், இப்போதைய பெயர் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்பு சேவை மையம். தொழில்திறன் மதிப்பீடு என்பது நிஜத்தில் எப்படி நடக்கிறது என்று பார்க்க இதுதான் இடம். மூன்றாவது, கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம். செயற்கைக் கால், காலைத் தாங்கும் காலிப்பர் எல்லாம் எப்படித் தயாராகிப் பொருத்தப்படுகின்றன என்பதை அங்கே பார்க்கலாம். 2021இலிருந்து மெட்ரோ விம்கோ நகர் வரை ஓடுவதால் திருவொற்றியூரிலிருந்து கிண்டிக்கு வண்டி மாறாமல் போகலாம். முட்டுக்காடுதான் தூரம். தினமும் போய்வர நினைப்பவர்கள் ஒருமுறை காலை நேரத்தில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

படி 3: சட்டத்தில் எதைப் படிப்பது

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19. மொத்தம் 102 பிரிவுகள், 21 வகைக் குறைபாடுகள். மனப்பாடம் வேண்டாம். வேலை சம்பந்தப்பட்ட சிலவற்றை மட்டும் கரைத்துக் குடியுங்கள்.

பிரிவு 19, தொழிற்பயிற்சியும் சுயதொழிலும். பிரிவு 20, வேலையில் பாகுபாடு கூடாது. அரசு ஊழியர் ஒருவர் பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளி ஆகிவிட்டால் அவரை வேலையைவிட்டு நீக்கவோ பதவி இறக்கவோ முடியாது என்பதும் இதில்தான் இருக்கிறது. பிரிவு 21, ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை வைத்திருக்க வேண்டும். பிரிவு 34, அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு. பார்வை, செவி, உடல் இயக்கம் ஆகிய மூன்றுக்கும் தலா 1 சதவீதம். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாம் சேர்ந்து மீதி 1 சதவீதம். கடைசியில் சொன்ன அந்த ஒரு சதவீதத்தைப் பற்றிப் பல குடும்பங்களுக்குத் தெரியவே தெரியாது.

இதோடு 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தையும் பாருங்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சட்டப்படியான பாதுகாவலர் நியமனம், நிராமயா மருத்துவக் காப்பீடு இரண்டும் அதன் வழியாக வருகின்றன. "எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பாங்க" என்று கேட்காத பெற்றோர் இல்லை. அப்போது சொல்வதற்கு உங்களிடம் விவரம் இருக்கவேண்டும்.

படி 4: சான்றிதழ் வாங்க ஒருவரோடு கூடப் போங்கள்

யு.டி.ஐ.டி. அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை, எப்படி வாங்குவது என்று புத்தகத்தில் அரைப் பக்கத்தில் எழுதிவிடலாம்: இணையதளத்தில் விண்ணப்பம், ஆதார், போட்டோ, மருத்துவ ஆவணங்கள், ஆஸ்பத்திரியில் மதிப்பீடு, அட்டை. 40 சதவீதத்துக்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம். ஆனால் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் ஒரு காலை நேரம் முழுக்க ஒருவரோடு வரிசையில் நின்றால்தான் அந்த அரைப் பக்கத்தின் அர்த்தம் புரியும். இன்றும் ராயபுரத்துப் பெரியவர்கள் சிலருக்குக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியாக இருக்கிற அதே ஸ்டான்லிதான்.

ஓ.பி. சீட்டு ஒரு இடம், டாக்டர் இருப்பது ஒரு இடம், எக்ஸ்ரே இன்னொரு இடம். கால் இழுத்து நடக்கிறவர் இதற்குள் எத்தனை படி ஏறி இறங்குகிறார் என்று பாருங்கள். கூட வந்தவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருப்பார். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி வீட்டிலேயே இருக்கும். ஆகவே போவதற்கு முந்தின நாளே போனில் கேட்டு, எல்லாத் தாள்களையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் போடச் சொல்லுங்கள். பிறந்த தேதியும் பெயர் எழுத்தும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இனிஷியல் மாறியதற்காகவே அலைந்தவர்கள் உண்டு.

சதவீதத்தை நிதானமாகக் கையாளக் கற்றுக்கொள்ளுங்கள். வேலையில் அடிபட்டவருக்கு இ.எஸ்.ஐ.யின் அட்டவணை ஒரு கணக்குச் சொல்லும்: கட்டைவிரல் முழுதும் போனால் 30 சதவீதம், ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50. அது சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு இழப்பு என்ற கணக்கு. யு.டி.ஐ.டி. அட்டையில் வரும் சதவீதம் வேறு வழிகாட்டு நெறிமுறைப்படி மருத்துவர்கள் போடுவது. இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டிய அவசியமில்லை. "அங்க ஒரு பர்சன்ட், இங்க ஒரு பர்சன்ட், யார் சார் பொய் சொல்றாங்க?" என்று கேட்பார்கள். பதில் சொல்லத் தயாராகப் போங்கள். இ.எஸ்.ஐ.யில் தொழில் மறுவாழ்வுப் பயிற்சிக்கு உதவி உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தவர்களுக்குக்கூட இது தெரிந்திருப்பதில்லை.

படி 5: ஆளைப் படிப்பது

மனநோய் உள்ளவர்களின் குறைபாட்டை அளக்க ஐடியாஸ் என்ற இந்திய அளவுகோல் இருக்கிறது. தன்னைத் தானே பார்த்துக்கொள்வது, மனிதர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை என்று நான்கு பகுதி. அறிவுசார் குறைபாட்டுக்கு வேறு கருவிகள். உலக சுகாதார நிறுவனம் 2001இல் கொண்டுவந்த ஐ.சி.எஃப். என்ற வகைப்பாட்டு முறை, உடலோடு நிற்காமல் சூழலையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. எல்லாவற்றையும் கற்றுக்கொள்ளுங்கள். அப்புறம் வீட்டுக்குப் போங்கள்.

கொருக்குப்பேட்டையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பையனுக்கு இருபத்திரண்டு வயது, அறிவுசார் குறைபாடு. அம்மாவிடம் பேச்சு இப்படிப் போகும்:

"அவனுக்கு ஒண்ணும் தெரியாது சார். சும்மா உட்கார்ந்திருப்பான்."

"சரிங்கக்கா. வீட்டுக்குத் தண்ணி யார் பிடிக்கிறது?"

"தண்ணியா? அது அவன்தான். லாரி வந்தா மொத ஆளா போய் குடத்தை வெச்சிடுவான்."

"எத்தனை குடம்?"

"எட்டு. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ரெண்டு."

"குடம் மாறிப் போகுமா?"

"மாறாதே. எங்களுது பச்சை, பாட்டிது ஆரஞ்சு."

பேனாவை எடுத்து எழுதவேண்டிய இடம் இதுதான். நேரம் தெரிகிறது. வரிசையில் நிற்கத் தெரிகிறது. எண்ணத் தெரிகிறது. நிறம் பிரிக்கத் தெரிகிறது. எடை தூக்க முடிகிறது. யாரும் சொல்லாமலே தினமும் செய்கிறான். பக்கத்து வீட்டுக்குச் செய்துகொடுக்கிற பொறுப்பும் இருக்கிறது. நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) எண் இதில் ஒன்றைக்கூடச் சொல்லாது. "என்ன தெரியும்?" என்று கேட்டால் வீட்டில் "ஒண்ணும் தெரியாது" என்ற பதில்தான் வரும், "யார் செய்றது?" என்று கேளுங்கள்.

பேசுவது அம்மாவிடம் மட்டும் என்று ஆகிவிடக்கூடாது. அந்தப் பையனிடமும் கேளுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள். அவனுக்கு வேலைக்குப் போகப் பிடிக்கிறதா என்பது கடைசிக் கேள்வியாக இருக்கக்கூடாது.

படி 6: வேலையைப் படிப்பது

இங்கேதான் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு உங்கள் ஆய்வகம். ஒரு ஜவுளிக்கடை வாசலில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். "சேல்ஸ் பையன்" என்று ஒரே பெயர். உள்ளே எத்தனை வேலை! ஷட்டர் தூக்குவது. மேல் தட்டிலிருந்து பண்டல் இறக்குவது. சேலையை விரித்துக் காட்டுவது. பேரம் பேசுவது. காட்டிய சேலைகளை மறுபடி அதே மடிப்பில் மடிப்பது. விலைச்சீட்டு ஒட்டுவது. கவரில் போடுவது. பில் கவுன்டருக்கு அனுப்புவது. டீ வாங்கி வருவது.

ஒவ்வொன்றுக்கும் உடல் என்ன செய்யவேண்டும் என்று எழுதுங்கள். அரசுப் பணியிடங்களில் எது யாருக்குப் பொருந்தும் என்று பட்டியல் போடும்போது மத்திய அரசும் இப்படித்தான் செய்கிறது: உட்காருதல், நிற்றல், நடத்தல், குனிதல், தூக்குதல், இழுத்தல் தள்ளுதல், விரல்களால் கையாளுதல், பார்த்தல், கேட்டல், படித்தல் எழுதுதல், பேசுதல் என்று. 2021 ஜனவரியில் வந்த பட்டியலைப் பதிவிறக்கிப் பத்துப் பணியிடங்களை வரிவரியாகப் படியுங்கள். அலுப்பாக இருக்கும். படித்தபிறகு எந்த வேலையையும் முழுசாகப் பார்க்க முடியாது, துண்டு துண்டாகத்தான் தெரியும். அந்தப் பார்வைதான் உங்களுக்கு வேண்டும்.

இப்போது ஜவுளிக்கடைக்குத் திரும்புங்கள். மடிப்பதும் விலைச்சீட்டு ஒட்டுவதும் கவரில் போடுவதும் உட்கார்ந்தே செய்யக்கூடியவை. கடையில் எல்லோரும் இந்த வேலையைத் தள்ளிப்போடுகிறார்கள், வாடிக்கையாளர் போனபிறகு சேலை மலையாகக் குவிகிறது. அந்தக் குவியலை ஒரே ஆள் முழுநேரமாகப் பார்த்துக்கொண்டால் மற்றவர்கள் விற்பனையில் நிற்கலாம். இப்படிப் பல பேரின் வேலையிலிருந்து துண்டுகளை எடுத்து ஒருவருக்கு முழு வேலையாகத் தைப்பதற்கு வேலை செதுக்குதல் என்று துறையில் பெயர். தண்ணிக்குடங்களின் நிறத்தைக் குழப்பிக்கொள்ளாத அந்தக் கொருக்குப்பேட்டைப் பையனுக்கு விலை வாரியாக நிறச் சீட்டு ஒட்டுவது ஒரு பயிற்சியில் வந்துவிடும்.

காது கேளாதவருக்கு? போன் எடுப்பதைத் தவிர அனேகமாக எல்லாமே செய்யலாம். வாடிக்கையாளரோடு பேச ஒரு கால்குலேட்டரும் ஒரு சிலேட்டும் போதும். ஒரு கை உள்ளவருக்கு மடிக்கும் மேஜையில் ஒரு கிளிப்போ பலகையோ வைத்தால் போதுமா என்று நீங்களே ஒரு கையைக் கட்டிக்கொண்டு மடித்துப் பாருங்கள். வகுப்பில் இதைச் செய்யாவிட்டால் வீட்டில் செய்யுங்கள்.

கருவியை மாற்றுவது என்பது நம் ஊருக்குப் புதிதில்லை. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் சரிசெய்தார். கை சரியானவர்கள் ஊருக்குத் திரும்பினால் வேலை தர ஆளில்லை. ஆகவே நவஜீவ நிலையம் என்று ஒன்றைத் தொடங்கி அங்கே தச்சு வேலை பழக்கினார்கள். உணர்ச்சி இல்லாத கை உளியையும் சுத்தியலையும் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிக்கும், காயமானாலும் வலிக்காது. ஆகவே கைப்பிடியையும் பிடிக்கும் விதத்தையும் கவனிப்பதும், வேலை முடிந்ததும் கையைக் கண்ணால் சோதிப்பதும் பயிற்சியின் பகுதி. அதே சி.எம்.சி.யில், 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையத்தை உருவாக்கியவர். இவர்கள் கதையை ஊக்கக் கதையாகப் படிப்பதைவிட, வேலையை எப்படி மாற்றினார்கள் என்று படித்தால் உங்களுக்குப் பயன்.

படி 7: முதலாளியோடு பேசுவது

பாவம் பார்த்து வேலை கொடுக்கச் சொல்லாதீர்கள். அப்படிக் கிடைத்த வேலை தீபாவளி சீசன் முடிந்ததும் போய்விடும். "உங்க கடையில சாயங்காலம் மடிக்க ஆள் இல்லாம சேலை குவியுது அண்ணாச்சி, அதுக்கு ஒரு ஆள் இருக்கான். முதல் ரெண்டு வாரம் நானும் கூட இருக்கேன்" என்று சொன்னால் அவர் காதில் விழும். கூட இருப்பேன் என்றால் இருக்கவேண்டும். முதலில் பயிற்சி கொடுத்து அப்புறம் வேலையில் சேர்ப்பது பழைய முறை. முதலில் வேலையில் சேர்த்து அங்கேயே, அந்த மேஜையிலேயே, அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே பழக்குவது ஆதரவுடன் கூடிய வேலைவாய்ப்பு. அறிவுசார் குறைபாடோ மனநோயோ உள்ளவர்களுக்குப் பின்னதுதான் நன்றாக எடுபடுகிறது. பயிற்சி மையத்தில் கற்றதைக் கடைக்குக் கொண்டுவருவதே அவர்களுக்குப் பெரிய வேலை.

சம்பளத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். "கத்துக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று மாதக்கணக்கில் டீயும் டிபனும் கொடுத்து ஓட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள். பயிற்சிக் காலம் எவ்வளவு, அதற்குப் பிறகு எவ்வளவு என்று முதல் நாளே பேசிவிடுங்கள். கழிப்பறை எங்கே இருக்கிறது, படி ஏறவேண்டுமா என்பதையும் அன்றே பாருங்கள். நல்ல வேலைகள் பல அந்தப் படியில்தான் நின்றுபோகின்றன.

போக்குவரத்தும் வேலையின் பகுதி. சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு 2021இலிருந்து கட்டணமில்லை. மெட்ரோவில் லிஃப்ட் உண்டு, பார்வையற்றவர்களுக்குத் தரையில் தடம் உண்டு. வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை உள்ள அந்தத் தெருதான் சிக்கல். ஒருமுறை நடந்து பாருங்கள். மழைக்காலத்தில் இன்னொரு முறை.

படி 8: சுயதொழில்

எல்லோரையும் பெட்டிக்கடைக்குத் தள்ளுவது நம் துறையின் பழைய நோய். கடை நடத்த விருப்பமும் கணக்கும் உள்ளவருக்கு மட்டும் இதைப் பேசுங்கள். பி.எம்.இ.ஜி.பி. என்ற பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் மாற்றுத்திறனாளிகள் சிறப்புப் பிரிவில் வருகிறார்கள்: சொந்தப் பங்கு 5 சதவீதம், நகரப் பகுதியில் மானியம் 25 சதவீதம். 1997இல் தொடங்கிய தேசிய மாற்றுத்திறனாளிகள் நிதிக் கழகத்தின் கடனும் இருக்கிறது. மானியத்தைக் கண்டு ஆசைப்பட்டுப் போகிறவருக்கு, கடன் வேறு மானியம் வேறு என்பதை இரண்டு தடவை சொல்லுங்கள்.

படி 9: வேலை கிடைத்த பிறகு

முதல் மூன்று மாதம் வாராவாரம், அப்புறம் மாதம் ஒருமுறை. நேரில் போய்ப் பாருங்கள், போனில் மட்டும் கேட்டால் "நல்லா இருக்கான் சார்" என்பதோடு முடிந்துவிடும். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம்: எந்த வேலை, எவ்வளவு நேரம், எதில் தடுமாறுகிறார், என்ன மாற்றினோம். மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் ஸ்டான்லிக்குப் போகும் நாளன்று விடுப்புக் கிடைக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு நாள் விடுப்புக்கு வெட்கப்பட்டு மருந்தை நிறுத்திவிடுவதும், அதனால் வேலை போவதும் நடக்கிற கதைதான். வேலை போனால் தோல்விக் கணக்கில் எழுதாதீர்கள். எந்தத் துண்டு பொருந்தவில்லை என்று எழுதுங்கள்; அடுத்த கடைக்கு அது தேவைப்படும்.

உங்கள் பதிவையும் மறக்கவேண்டாம். ஆர்.சி.ஐ. பதிவைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். அதற்குத் தொடர் மறுவாழ்வுக் கல்விக் கருத்தரங்குகளில் கலந்துகொண்டு புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும். முட்டுக்காடு நிறுவனம் அவ்வப்போது நடத்துகிறது, ஆன்லைனிலும் வருகின்றன. ஒவ்வொரு சான்றிதழையும் வாங்கிய அன்றே போட்டோ எடுத்து மெயிலில் போட்டு வையுங்கள், கடைசி மாதத்தில் தேடி அலையாமல் இருக்கலாம்.